நஷ்டஈடு கேட்பது பேராசையா?
விபத்தில் நொந்த கழுத்துக்கும் முதுகுக்கும் உரிய ஹக்

 

உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் ஜமாஅத் நிற்கும் வேளையில் கடைசி வரிசையைச் சற்றே கவனித்திருக்கிறீர்களா? அங்கே சில நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். முதியவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவது இயல்பே. ஆனால் முப்பத்தைந்து, நாற்பது வயதுடைய ஒருவரும் அவர்களோடு அமர்ந்து, எல்லோரும் ஸஜ்தாவில் வீழ்ந்திருக்கத் தாம் மட்டும் தலையைச் சிறிது தாழ்த்திக் கொண்டிருப்பதைக் கண்டால் மனம் துணுக்குறும். தொழுகை முடிந்தபின் விசாரித்துப் பாருங்கள். "வண்டியில் போகும்போது பின்னாலிருந்து ஒரு கார் மோதிவிட்டது" என்பார். "நஷ்டஈடு கேட்டீர்களா?" என்று வினவினால், "வெளிக்காயம் ஒன்றும் இல்லையே. அல்லாஹ் நாடியது நடந்தது. அதற்குக் காசு கேட்பதா?" என்று முடித்துக் கொள்வார்.

இந்தப் பதிலில் பொறுமை இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் இதனுள் இரண்டு தவறான எண்ணங்களும் ஒளிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத காயம் காயமல்ல என்பது ஒன்று. தமக்குரிய ஹக்கைக் கேட்பது விதியை மறுப்பதாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டினாலும் எத்தனையோ குடும்பங்கள் ஓசையின்றி நலிந்து போகின்றன. ஆகவே இம்மாதம் இது குறித்து உங்களோடு சற்று விரிவாகப் பேச விழைகிறோம்.

காணாத காயம்

கால் முறிந்தவரை ஊரே நம்பும். மாவுக்கட்டே அவருக்குச் சாட்சி. கழுத்தும் முதுகும் நொந்தவருக்கோ அத்தகைய சாட்சி இல்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்புறம் மற்றொரு வண்டி மோதும்போது உடல் முன்னே தள்ளப்படுகிறது. தலையோ ஒரு கணம் பின்தங்கி, பின்னர் சாட்டையைப் போல முன்னே சுண்டப்படுகிறது. அந்த ஒரு கணத்தில் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் அளவு கடந்து இழுபடுகின்றன. முதுகில் அடி விழுந்தால் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டுகள் பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும். அப்போது இடுப்பில் தொடங்கிய வலி காலின் பின்புறமாக இறங்கிப் பாதம் வரை செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கழுத்து வலி விபத்து நடந்த உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்தோ, மறுநாள் காலையிலோ, அதற்கும் பிறகோ தலைகாட்டலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாலையில் சொல்லிவிட்டு வந்தவர் மறுநாள் படுக்கையைவிட்டு எழ இயலாமல் போவதுண்டு. இரண்டாவது, எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, தசையையும் வட்டையும் நரம்பையும் தெளிவாகக் காட்டாது. அவற்றைக் காண எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படலாம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதற்கு எலும்பு முறிவு தென்படவில்லை என்பதுதான் பொருள். வலி பொய் என்பது பொருளன்று.

மார்க்கம் காட்டும் வழி

"எல்லாம் கத்ர், நாம் ஏன் வழக்காட வேண்டும்?" என்போருக்கு ஒன்று சொல்வோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வினவிய தோழருக்கு, முதலில் அதைக் கட்டிவிட்டு, பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். விதியை நம்புவதும் முயற்சி செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இதைவிட நேரடியான சான்றும் உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் தியத் எனும் ஈட்டுத்தொகையை அக்குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம், 92ஆம் வசனம் விதிக்கிறது. வேண்டுமென்று செய்யாத தவறுக்கும் ஈடு உண்டு என்பது இதனால் விளங்குகிறது. யமன் தேசத்தாருக்கு அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்கள் வாயிலாக நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்தில், உயிருக்கு நூறு ஒட்டகங்கள், ஒரு விரலுக்குப் பத்து, ஒரு பல்லுக்கு ஐந்து என்று உறுப்புகளுக்கான ஈடுகள் வகுக்கப்பட்டுள்ளன. நஸாயீ முதலிய நூல்களில் பதிவாகியுள்ள அக்கடிதத்தில் முதுகெலும்பும் இடம்பெறுகிறது. அதற்குரிய ஈடு முழுமையான தியத்! ஓர் உயிருக்குரிய ஈடு எதுவோ அதுவே முதுகெலும்புக்கும். முதுகொடிந்து வாழ்வது எத்தகைய இழப்பு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல இயலும்?

இவ்வாறு அளவு குறிக்கப்படாத காயங்களுக்கு, நேர்மையும் அனுபவமும் உள்ளவர்கள் இழப்பை மதிப்பிட்டு நீதியான தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்துள்ளனர். 'ஹுகூமத்' என்பது அதன் பெயர். இன்று நம் நாட்டுத் தீர்ப்பாயமும் மருத்துவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இத்தகைய மதிப்பீட்டையே செய்கிறது.

மன்னிப்பது உயர்ந்த குணமே. அதே வசனம், உரிமையாளர் விட்டுக்கொடுத்தால் அதைத் தர்மமாகக் கருதுகிறது. ஆனால் விட்டுக்கொடுக்கும் உரிமை காயம் பட்டவருக்கே உரியது. நான்கு பேர் சுற்றி நின்று, "பாவம், விட்டுவிடு பாய்" என்று வற்புறுத்திச் சாலையோரத்தில் ஐந்நூறோ ஆயிரமோ கையில் திணிப்பது மன்னிப்பாகாது. தமக்கு நேர்ந்த இழப்பு என்னவென்று அறியாதவர் எதை மன்னிக்கிறார்? மேலும், காப்புறுதி உள்ள வாகனமாயின் ஈட்டைச் செலுத்துவது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே. ஓட்டுநரை உள்ளத்தால் மன்னித்துவிட்டு, சட்டம் தரும் ஈட்டைப் பெற்றுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

முதல் நாளும் முதல் வாரமும்

விபத்து நடந்த இடத்தில் கழுத்தையோ முதுகையோ பற்றிக்கொண்டு ஒருவர் கிடந்தால், அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கத் தலையை நிமிர்த்தாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் நேராகத் தாங்கிக்கொண்டு 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கைகால் மரத்துப் போனாலோ, பலம் குன்றினாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

பணத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, ஏழு நாட்கள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி உண்டு.

மருத்துவரிடம் பேசும்போது, இரத்தம் கசியும் முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ சிறு வலி இருந்தாலும் சொல்லுங்கள். அதை எழுதச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் 'ஏ.ஆர். காப்பி' என வழங்கும் விபத்துப் பதிவேட்டு நகலில் நீங்கள் அன்று சொன்னதே பதிவாகும். ஓராண்டுக்குப் பின்னர் தீர்ப்பாயத்தில், "முதல்நாள் பதிவில் முதுகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். வலி மறுநாள் தோன்றினால், மறுநாளே திரும்பச் சென்று அதையும் பதியச் செய்யுங்கள்.

அவ்வாறே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். வாகன எண், நேரில் கண்டவர்களின் பெயர், இடத்தின் புகைப்படம் ஆகியவற்றை உடனிருப்போர் சேகரித்து வைப்பது நன்று. பிறகு ஒரு கோப்பு வாங்குங்கள். மருத்துவச் சீட்டு, மருந்துக் கடை இரசீது, ஸ்கேன் அறிக்கை, இயன்முறைச் சிகிச்சைக்குச் சென்ற நாட்கள், ஆட்டோக் கட்டணம், வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு முதலாளியின் கடிதம் ஆகிய அனைத்தும் அதில் சேர வேண்டும். காணாத காயத்துக்கு இந்தக் காகிதங்களே சாட்சி. கடனை எழுதி வைக்கும்படி திருமறையின் மிக நீண்ட வசனமே நமக்குக் கற்றுத் தரவில்லையா?

சட்டம் தரும் வழிகள்

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் இது பெரிதும் திருத்தப்பட்டு, இழப்பீடு பற்றிய மாற்றங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வழிகள் முக்கியமாக மூன்று.

முதல் வழி, 164ஆம் பிரிவு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் பெற இது வகை செய்கிறது. கொடுங்காயம் என்றதும் எலும்பு முறிவுதான் நினைவுக்கு வரும். ஆனால் கடும் வலியாலோ, அன்றாட வேலையைச் செய்ய இயலாமலோ குறிப்பிட்ட நாட்கள் அவதியுறச் செய்யும் காயமும் அதில் அடங்கும். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாட்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாட்கள். ஆகவே மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்களைச் சீட்டில் எழுதி வாங்குவது எத்துணை முக்கியம் என்பதை உணருங்கள்.

இரண்டாம் வழி, 166ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்வது. இதில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். ஒன்றை மறவாதீர்கள்: 164ஆம் பிரிவின்படி தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். எனவே நிரந்தரப் பாதிப்பு உள்ளதா என்று தெரியும் முன்னர் அவசரப்பட்டு ஒப்பமிட வேண்டாம்.

மூன்றாம் வழி, மோதிய வாகனம் இன்னதென்றே தெரியாமல் போனவர்களுக்கு உரியது. அத்தகைய விபத்துகளில் மரணத்துக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்க 161ஆம் பிரிவு வகை செய்கிறது.

இனி, காலக்கெடு. 1994இல் நீக்கப்பட்டிருந்த காலவரையறை 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்துள்ளது: விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. ஆயினும் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. அது நடந்ததா என்று கேட்டறிவது உங்கள் உரிமை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், குறைந்த வருவாய் உடையோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

தொகையை எப்படிக் கணக்கிடுவர்?

ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் வழிகாட்டி. மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருவாய், நிரந்தர ஊனத்தால் இழக்கும் எதிர்கால வருவாய், இனி ஆகும் மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்வின் இயல்பான நலன்களை இழத்தல் எனப் பல தலைப்புகளில் ஈடு கணக்கிடப்பட வேண்டும் என்று அது வகுத்தது. உடலின் ஊன விழுக்காடு வேறு, உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்றும் தெளிவுறுத்தியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய தொழிலே ஏறத்தாழ முழுமையாகப் போய்விடுகிறது. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாதிருக்கலாம். அத்தீர்ப்பு காட்டும் உதாரணம் இது.

இதைக் கழுத்துக்கும் முதுகுக்கும் பொருத்திப் பாருங்கள். நாள் முழுதும் குனிந்து தைக்கும் தையற்காரருக்குக் கழுத்தே முதலீடு. மூட்டை சுமப்பவருக்கும், கொத்தனாருக்கும், பரோட்டா மாவு பிசைபவருக்கும் இடுப்பே மூலதனம். ஆகவே, "நான் என்ன தொழில் செய்தேன், அதில் எந்த அசைவு இப்போது இயலவில்லை" என்பதைத் தீர்ப்பாயத்தில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. தையற்காரர் ஒருவருக்கு வயது 38. மாத வருவாய் 15,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்யும் நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. உழைப்புத் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று தீர்ப்பாயம் கருதினால் ஆண்டு இழப்பு 50,400. முப்பத்தாறு முதல் நாற்பது வயதினருக்கு 2009ஆம் ஆண்டுச் சர்லா வர்மா தீர்ப்பு வகுத்த பெருக்கு எண் 15. ஆக எதிர்கால வருவாய் இழப்பு மட்டும் 7,56,000 ரூபாய். அதே இழப்பு 5 விழுக்காடு என்று முடிவானால் 1,89,000தான். காகிதமும் மருத்துவர் சாட்சியமும் செய்யும் வேறுபாடு இது!

"வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு என்ன வருவாய்?" என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பொருள் மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில், குறிப்பாக 2021 ஜனவரியில், வலியுறுத்தியுள்ளது. குடம் தூக்கவும் குழந்தையை இடுப்பில் சுமக்கவும் இயலாமற்போன தாயின் இழப்பு சிறிதா? ஸஜ்தா செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழ நேர்ந்தவரின் ஏக்கமும் வாழ்வின் நலன் இழப்பே. அதையும் மனுவில் கூசாமல் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லும் கூட்டாதீர்கள்

உரிமையைக் கேட்கும் அதே வாய் பொய் சொல்லலாகாது. இல்லாத வலியை உண்டென்பதும், பிடியாத ஆட்டோவுக்கு இரசீது எழுதுவதும், முன்னரே இருந்த இடுப்பு வலியை விபத்தின் மீது சுமத்துவதும் ஹராமான வழியில் பொருளைத் தின்பதாகும். தமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லும்படி திருமறையின் நான்காம் அத்தியாயம், 135ஆம் வசனம் பணிக்கிறது.

உலகியல் நோக்கிலும் உண்மையே இலாபம். காப்புறுதி நிறுவனம் முதுகுவலி வழக்குகளில் வழக்கமாக எழுப்பும் வாதம், "இது வயதினால் வந்த தேய்மானம்" என்பது. முன்பு வலி இருந்ததை மறைத்துப் பின்னர் பழைய மருத்துவச் சீட்டு வெளிப்பட்டால், உங்கள் முழுச் சொல்லும் ஐயத்துக்குள்ளாகும். மாறாக, "முன்பு சிறு வலி இருந்தது; ஆனாலும் நாள்தோறும் வேலைக்குச் சென்றேன்; விபத்துக்குப் பின் இயலவில்லை" என்று உள்ளதைச் சொன்னால், விபத்தினால் மிகுந்த பகுதிக்கு ஈடு கேட்பது நியாயமாகும்.

சமரசமும் வட்டியும்

மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் விரைவாக முடித்துக்கொள்வது பல நேரங்களில் நலமே. சமாதானம் சிறந்ததென்று மார்க்கமும் சொல்கிறது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே மருத்துவர் உங்கள் நிலையை முடிவாகக் கூறிய பின்னரே ஒப்பமிடுங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் குறையிருந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். எனினும் தகராறிலுள்ள தொகை ஓர் இலட்சத்துக்குக் குறைவாயின் அவ்வழி இல்லை.

தீர்ப்பாயம் ஈட்டுத்தொகையோடு, மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் சேர்த்து உத்தரவிடுவது வழக்கம். வட்டி என்றதும் நம் மனம் கூசுவது ஈமானின் அடையாளம். அதற்காக அசல் ஈட்டையே வேண்டாமென்று ஒதுக்குவது தேவையற்றது. உத்தரவில் அசலும் வட்டியும் பிரித்தறியத்தக்கவை. அந்தப் பகுதியை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் உத்தரவு நகலைக் காட்டிக் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

வாகனம் வைத்திருப்போருக்கு

கடைசியாக, சாவியைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு சொல். மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி வண்டியைச் சாலையில் இறக்குவது சட்டப்படி குற்றம். அந்நிலையில் விபத்து நேர்ந்தால் ஈடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும்; வீட்டை விற்றும் கட்ட நேரலாம். அதைவிடக் கொடியது, காயம் பட்ட ஏழை ஒருவர் தமக்குரியதைப் பெற இயலாமல் போவது. அவர் மறுமையில் நம் சட்டையைப் பிடிக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

அன்பர்களே! அடுத்த ஜும்ஆவில் பள்ளியின் கடைசி வரிசையில், நாற்காலியில் அமர்ந்து தொழும் அந்த இளைஞரைக் கண்டால், ஸலாம் சொல்லிவிட்டு அருகில் அமருங்கள். விபத்து நடந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். ஆறு மாதம் ஆகவில்லையெனில், அவருடைய மருத்துவச் சீட்டுகளை ஒரு கோப்பில் அடுக்கிக் கொடுத்து, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உடன் சென்று வாருங்கள். ஆறு மாதம் கடந்திருந்தாலும் கைவிட்டுவிடாமல் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவும் ஓர் இபாதத்தே.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு முழு ஷிஃபாவையும், உரிமை இழந்தோருக்கு நீதியையும், நம் அனைவருக்கும் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.